முதல் வள்ளம் போக

சித்தேரி
10.11.2024

தேவி கண்ணுக்கு,

அக்கா எழுதறேன். நீயும் முருகேஷ் தம்பியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உங்க மாமாவுக்கு மொழங்கால் வலி மழையோட வந்துது, மழை போயும் அது போகலை. மத்தபடி எல்லாரும் சௌக்கியம்.

போன் இருக்க எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. பாறை மேல ஏறி நின்னா ரெண்டு கோடு காட்டுது. ஹலோ சொல்றதுக்குள்ள அதுவும் போயிடுது. அதோட இது போன்ல பேசற விசயம் இல்லை. கணக்கு.

பால்வாடி நிர்மலா டீச்சர் வர்ற மே மாசம் ரிட்டையர் ஆகறாங்க. நான் அங்க ஆயாவா சேர்ந்து பதினோரு வருசம். சூப்பர்வைசர் அம்மா வந்தப்போ, "கலைமதி, பத்தாவது பாஸ் பண்ணிட்டீன்னா டீச்சர் வேலைக்கு உன் பேரை எழுதி அனுப்பறேன், இல்லாட்டி மலைக்குக் கீழ இருந்து யாரையாவது போடுவாங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கீழ இருந்து வந்தவங்க கதைதான் உனக்குத் தெரியுமே. நிர்மலா டீச்சருக்கு முன்னால ஒருத்தங்க இருந்தாங்க, வாரத்துல ரெண்டு நாள் வந்தா பெருசு. பிள்ளைங்க தட்டை வச்சுக்கிட்டுப் பூட்டுன கதவையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கும். இப்போ என்கிட்ட பதினேழு பிள்ளைங்க.

மத்த நாலு பாடத்தையும் எழுதித் தள்ளிட்டேன். கணக்குதான் ரெண்டு தடவை கவுத்துடுச்சு. ஏப்ரல்ல மறுபடியும் உட்காரணும். அதுலயும் இந்த சார்புன்னு ஒண்ணு வருதே, அதை வார்த்தையில கேட்டுட்டா எனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை.

நீ டியூசன் டீச்சர். அப்பா ரேசன் கடை வரிசையில நின்னு, "எங்க சின்னவ பாலக்கோட்டுல கணக்கு சொல்லித் தர்றா"ன்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்திச் சொல்றார். அந்தச் சின்னவ இந்தப் பெரியவளுக்கும் சொல்லித் தரட்டும்.

தேன் ஒரு பாட்டில் மாதேஷ் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டிருக்கேன். அரூர்ல இருந்து பாலக்கோட்டு பஸ்ல போட்டு விடுவார்.

உன் அக்கா
கலைமதி


பாலக்கோடு
22.11.2024

அன்புள்ள அக்கா,

தேன் வந்துது. அவர் விரலை விட்டு நக்கியே கால் பாட்டிலைக் காலி பண்ணிட்டார். மார்க்கெட்ல இந்த வாரம் தக்காளி வரத்து அதிகம், லோடு ஏத்தி ஏத்தித் தோள்பட்டை வீங்கிக் கிடக்குது. மாமாவைப் பனியில வெறுங்காலோட நடக்க வேண்டாம்னு சொல்லு.

நீ பரீட்சை எழுதறேன்னு படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முப்பத்தாறு வயசுல, பதினேழு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டு, மூணாவது தடவை! உன் துணிச்சல்ல பாதி இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்.

வார்த்தைக் கணக்குக்கு இங்க டியூசன்ல பிரபாகர் சார் ஒரு முறை வச்சிருக்கார். படிப்படியா எழுதறேன்.

ஒண்ணாவது: கணக்கை ரெண்டு தடவை படி. என்ன கேட்டிருக்காங்களோ அதுக்கு மட்டும் அடிக்கோடு போடு.

ரெண்டாவது: எது மாறுதுன்னு பாரு, அதுக்கு x னு பேர் வை. அது மாறினா கூடவே எது மாறுது? அதுக்கு f(x). "இதைப் பொறுத்து அது"ன்னு ஒரே வரியில தமிழ்ல எழுது.

நாலாவது: அந்த வரியைச் சமன்பாடா மாத்து.

அஞ்சாவது: எண்ணைப் போட்டு விடை கண்டுபிடி. விடையை மறுபடி கணக்குக்குள்ள வச்சு, ஒத்து வருதான்னு பாரு.

மூணாவதை அடுத்த கடிதத்துல எழுதறேன்.

ஒரு கணக்கு: தொட்டியில 600 லிட்டர் தண்ணி. குழாயைத் திறந்தா நிமிசத்துக்கு 12 லிட்டர் போகுது. t நிமிசம் கழிச்சு மீதி எவ்வளவு? 20 நிமிசத்துல எவ்வளவு இருக்கும்?

உன் தங்கை
தேவிப்பிரியா


சித்தேரி
08.12.2024

டீச்சரம்மாவுக்கு,

வணக்கம் போட்டுத்தான் ஆரம்பிக்கணும், இல்லாட்டி பெஞ்சு மேல ஏத்தி விடுவே. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். தம்பி தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விடு.

அடியே, இத்தனை வருசமா எனக்கு யாருமே இப்படிச் சொல்லித் தரலையே! "தண்ணி எவ்வளவு மீதிங்கறது எத்தனை நிமிசம் ஆச்சுங்கறதைப் பொறுத்தது." இந்த ஒரு வரியை எழுதினதும் பாதிக் கணக்கு தானா நடந்து வந்துடுச்சு. f(t) = 600 − 12t. இருபது நிமிசத்துல 360 லிட்டர். போன 240-ஐயும் கூட்டிப் பாத்தேன், 600 வந்துது. நிர்மலா டீச்சர்கிட்ட காட்டினேன். "யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டாங்க. என் தங்கச்சின்னு சொல்றப்போ எனக்கு என்ன பெருமைங்கறே!

சாமை அறுப்பு முடிஞ்சுது. களத்துல கிடக்குது. மூணாவது என்ன ஆச்சு? ரெண்டுல இருந்து நாலுக்குத் தாவினா நான் கீழ விழுந்துட மாட்டேனா?

அக்கா


பாலக்கோடு
29.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சௌக்கியம். பனிக்கு உள்ளங்கை ரெண்டும் வெடிச்சுக் கிடக்குது, அதான் எழுத்து கோணலா இருக்கும், கண்டுக்காதே. சாக்பீஸ் ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்.

தொட்டிக் கணக்கு அத்தனையும் சரி. இப்போ உனக்குன்னே ஒண்ணு யோசிச்சேன். நம்ம களத்துல சாமை அளக்கற வள்ளத்துல ஒரு வள்ளம் குத்தினா ரெண்டு கிலோ அரிசி கிடைக்குது. களத்துல x வள்ளம் விளைஞ்சா அரிசி எவ்வளவு? 20 வள்ளத்துக்கு எவ்வளவு?

மூணாவதை மறக்கலை. கொஞ்சம் வேலை ஜாஸ்தி. அடுத்ததுல.

தேவி


சித்தேரி
14.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கல் நல்லா பொங்குச்சு. உங்க வூட்டுலயும் பொங்கியிருக்கும். இதோட ஒரு டப்பா வருது, தேன் மெழுகை வேப்பெண்ணெயில உருக்கி வச்சது. உள்ளங்கையில பூசு. தண்ணியில கை வைக்கறதுக்கு முன்னாடி பூசு, பின்னாடி இல்லை.

சாமைக் கணக்கு சக்கரைப் பொங்கலாட்டம் இனிச்சுது. f(x) = 2(x − 1). இருபது வள்ளத்துக்கு 38 கிலோ. சரிதானே? நிமிசத்துல போட்டுட்டேன். இப்படியே பரீட்சையில வந்தா நூத்துக்கு நூறு.

மூணாவது?

அக்கா


பாலக்கோடு
27.01.2025

அக்கா,

மெழுகு பூசினேன், வெடிப்பு மூடிக்கிச்சு. மாமா கால் எப்படி இருக்குன்னு நீ எழுதவே இல்லை.

கோவிச்சுக்காதே. சாமைக் கணக்கு தப்பு. விடை 40. f(x) = 2x. அந்த ஒண்ணை நீ ஏன் கழிச்சேன்னு ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சேன். அப்புறம்தான் தோணுச்சு, சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. களத்துல அளக்கறப்போ மொத வள்ளத்தைச் சாமிக்குன்னு தனியா எடுத்து வச்சிடுவோமே! அதை யாரும் குத்தி அரிசியாக்க மாட்டோம். நீ அதைக் கழிச்சிருக்கே.

அக்கா, பேப்பர் திருத்தறவங்களுக்கு நம்ம சாமியைத் தெரியாது. கணக்குல சொல்லாததை நீயா உள்ள கொண்டு வராதே.

தேவி


சித்தேரி
20.02.2025

தேவிக்கு,

உங்க மாமா கால் பரவாயில்லை, ஏரிக்கரை வரைக்கும் நடக்கறார். நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன்.

உன் கடுதாசியைப் படிச்சதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் புஸ்தகத்தை அடுப்புல போட்டிருப்பேன். சாமிக்கு எடுக்காம சாமையை எவன் அளப்பான்? அந்தக் கணக்கைப் போட்டவனுக்கு அறிவு வேண்டாம்? அப்புறம்தான் கணக்கைப் போட்டதே நீன்னு ஞாபகம் வந்துது. மூணு நாள் புஸ்தகத்தைத் தொடலை.

நாலாவது நாள் பால்வாடித் தொட்டியில தண்ணி தீர்ந்துபோச்சு. பிள்ளைங்க தட்டைக் கழுவ வரிசையில நிக்குது, குழாயில காத்துதான் வருது. நான் அங்கேயே நின்னுட்டேன். உன் தொட்டிக் கணக்கு ஞாபகம் வந்துடுச்சு. சுவத்துல கரியால போட்டுப் பாத்தேன். அறுபது நிமிசம் போட்டா என்ன வருது? 600 கழித்தல் 720. மைனஸ் 120 லிட்டர்! தொட்டிக்குள்ள மைனஸ் தண்ணி எப்படிடி இருக்கும்? அம்பதாவது நிமிசத்தோட தொட்டி காலி. அதுக்கு மேல t-க்கு அங்க என்ன வேலை? சமன்பாடு பாட்டுக்கு ஓடுது, அதுக்கு நிக்கத் தெரியலை. நாமதான் நிறுத்தணும். ஆரம்பம் பூச்சியம், முடிவு அம்பது. புஸ்தகத்துல மதிப்பகம் மதிப்பகம்னு கிடக்குதே, அது இந்த வேலிதானே?

அப்போ சாமையும் புரிஞ்சுது. நான் வேலிக்குள்ள இல்லாத ஒண்ணைக் கொண்டு வந்து கட்டிட்டேன்.

சமன்பாடு எழுதறதுக்கு முன்னாடி இதைத்தான் எழுதணும். நானே எழுதி வச்சிருக்கேன்: "உள்ளே போடற எண் எங்க தொடங்கி எங்க முடியணும்னு முதல்ல வேலி கட்டு. கணக்கு சொல்லாததைச் சேர்க்காதே. கணக்கு தாங்காததையும் சேர்க்காதே."

ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல இது சரியா உட்காருது. இதுதானே உன் மூணாவது படி? ஆமான்னு ஒரு வரி போடு, போதும்.

அக்கா


சித்தேரி
12.04.2025

தேவி கண்ணு,

நான் எழுதி ஏழு வாரம் ஆச்சு, உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? மாதேஷ் கண்டக்டரைத் தினமும் கேட்டுக் கேட்டு, இப்போ பஸ் வளைவு திரும்பறப்பவே கையை ஆட்டி இல்லைன்னு காட்டிடறார்.

பரீட்சை எழுதிட்டேன். அரூர்ல, என்னைச் சுத்தி எல்லாம் பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைங்க. ஒரு பொண்ணு என்னை மேற்பார்வைக்கு வந்த டீச்சர்னு நினைச்சு எழுந்து நின்னுடுச்சு!

அஞ்சு மார்க் கணக்கு ஒண்ணு. 30 செ.மீ. மெழுகுவர்த்தி, மணிக்கு 4 செ.மீ. குறையுது, சார்பை எழுதி மதிப்பகமும் எழுதணும். எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. மெழுகுவர்த்திக்கு மைனஸ் உயரம் கிடையாது. f(t) = 30 − 4t, வேலி பூச்சியத்துல இருந்து ஏழரை மணி நேரம். மத்த கணக்கெல்லாம் சுமாருதான். இதை மட்டும் கடவுளே வந்தாலும் தப்புன்னு சொல்ல முடியாது.

பதில் போடு.

அக்கா


பாலக்கோடு
24.04.2025

அக்கா,

நல்லா இருக்கேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. மாமாவுக்கும் அப்பாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லு. இதைப் படிச்ச பிறகு சொல்லப் பிடிக்கலைன்னா விட்டுடு.

நான் டீச்சர் இல்லை அக்கா.

டியூசன் சென்டர்ல வேலை கிடைச்சிருக்குன்னு ரெண்டு வருசம் முன்னாடி அப்பாகிட்ட சொன்னேன். பன்னெண்டாவது படிச்ச பொண்ணு டியூசன்ல வேற என்ன வேலை பார்ப்பாள்னு அவரா டீச்சர் ஆக்கிட்டார். இல்லைப்பான்னு சொல்றதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டார். பெருக்கறது, பாத்ரூம் கழுவறது, டீ வாங்கிட்டு வர்றது, ஏழரைக்குக் கிளாஸ் முடிஞ்சதும் போர்டைத் துடைக்கறது. இதுதான் என் வேலை. பிள்ளைங்க ஆயாம்மான்னு கூப்பிடும்.

துடைக்கறதுக்கு முன்னாடி போர்டைப் பார்த்து உனக்கு எழுதினேன். பிரபாகர் சார் அஞ்சு படியையும் போர்டு ஓரமா எழுதுவார். பாடம் நடத்த நடத்த மூணாவது படி மேலேயே அம்புக்குறிப் படத்தைப் போட்டுடுவார். நான் போறப்போ அந்த இடத்துல ரெண்டு முட்டையும் நாலு அம்பும்தான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன், ஒவ்வொரு வாரமும் அந்த முட்டைதான். கேட்டா சொல்லியிருப்பார், நல்ல மனுசன். கையில டீ டம்ளரை வச்சுக்கிட்டு சார்பு பத்திக் கேட்க எனக்குத்தான் வாய் வரலை.

"இதுதானே உன் மூணாவது படி?"ன்னு நீ கேட்டே. எனக்கு எப்படித் தெரியும்? ஆமான்னு எழுதி, அது தப்பா இருந்து, நீ பெயிலாகி, பால்வாடி பூட்டிக் கிடந்தா? தெரியலைன்னு எழுதறதுக்கும் தைரியம் இல்லை. ஏழு வாரம் பேப்பரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ மெழுகுவர்த்திக் கணக்கை எழுதினதும் அதை நானே போட்டுப் பார்த்தேன். உன் வேலி நிக்குது அக்கா. எனக்கு யாரும் சொல்லித் தராததை நீ காலித் தொட்டியைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கே. டீச்சர் நீதான்.

என்னை மன்னிச்சுடு.

தேவி


சித்தேரி
20.05.2025

என் தங்கத்துக்கு,

உங்க மாமா, அப்பா எல்லாரும் சௌக்கியம். அப்பா இன்னிக்கும் ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தார். அங்க என்ன சொன்னார்னு நான் கேட்கலை.

ரிசல்ட் வந்துடுச்சு. பாஸ்! முப்பத்தெட்டு மார்க். அந்த மெழுகுவர்த்தி அஞ்சு மார்க் இல்லாட்டி முப்பத்து மூணு. முப்பத்தஞ்சுக்குக் கீழ போயிருந்தா கதவு பூட்டுதான். நிர்மலா டீச்சர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாங்க. சூப்பர்வைசர் அம்மா பேரை எழுதி அனுப்பிட்டாங்க.

இப்போ உன் விசயத்துக்கு வர்றேன். ஏண்டி பைத்தியம், எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? சாக்பீஸ் பிடிச்சா விரல் நுனிதான் வறளும். உள்ளங்கை வெடிக்கறது பினாயில் தண்ணியில. பதினோரு வருசமா என் கை அப்படித்தானே இருக்குது. ஒரு ஆயாவுக்கு இன்னொரு ஆயாவைத் தெரியாதா? அதான் தண்ணியில கை வைக்கறதுக்கு முன்னாடி பூசுன்னு எழுதினேன். எனக்குத் தெரிஞ்சதை நீ கண்டுபிடிச்சுடுவியோன்னு எனக்குத்தான் பயமா இருந்துது.

நீயா சொல்றப்போ சொல்லட்டும்னு விட்டுட்டேன். நீ என்ன தப்புப் பண்ணிட்டே? நாள் பூரா குனிஞ்சு பெருக்கிட்டு, துடைக்க வேண்டிய போர்டைத் துடைக்காம நின்னு, எனக்காக எழுதி எடுத்திருக்கே. டீச்சருங்க சம்பளத்துக்குச் சொல்லித் தருவாங்க. நீ எதுக்குடி சொல்லித் தந்தே?

அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

அக்கா


பாலக்கோடு
15.06.2025

அக்காவுக்கு,

நீ பாஸ்னு படிச்சதும் மார்க்கெட்டுக்கே ஓடிப் போய் அவர்கிட்ட சொன்னேன். தக்காளிக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டே சிரிச்சார். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

போன செவ்வாய்க்கிழமை கிளாசுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணினேன். மொத நாள் ராத்திரி போர்டைத் துடைக்கறப்போ, சார் ஓரமா எழுதின படிங்களை மட்டும் அப்படியே விட்டு வச்சிருந்தேன். நடுவுல இருந்த முட்டைப் படத்தை மட்டும் கையால துடைச்சுட்டு, உன் மூணாவது படியை அப்படியே எழுதிட்டேன். வேலி கட்டு, சொல்லாததைச் சேர்க்காதே, தாங்காததையும் சேர்க்காதே. எழுதிட்டுப் போய் வாசல்ல நின்னேன்.

சார் வந்து பார்த்தார். "யாரும்மா எழுதினது?" எங்க அக்கா சொன்னது சார்னு சொன்னேன். "அக்கா எங்க டீச்சர்?" "சித்தேரி பால்வாடியில ஆயா சார். இப்போ டீச்சர் ஆகப் போறாங்க." அந்த வரியை மறுபடி படிச்சார். அப்புறம், "நான் வெறும் 'மதிப்பகம் எழுதுக'ன்னுதான் போட்டிருந்தேன். அது மேலயே படத்தையும் போட்டுட்டு, இவனுங்க ஏன் மைனஸ்ல விடை எழுதறானுங்கன்னு திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்"னார். அன்னிக்குப் பிள்ளைங்க எல்லாரும் உன் வரியைத்தான் நோட்டுல எழுதினாங்க.

ஏழரைக்கு நான் துடைக்கப் போனேன். சாரே போர்டைத் துடைச்சிருந்தார், உன் மூணு வரியை மட்டும் விட்டுட்டு. இந்த ரெண்டு வருசத்துல அன்னிக்குத்தான் அக்கா டஸ்டரைத் தொடாம வூட்டுக்கு வந்தேன்.

அப்பாகிட்ட அடுத்த தடவை வர்றப்போ நானே சொல்லிடறேன்.

தேவி


சித்தேரி
07.12.2025

தேவி கண்ணுக்கு,

நீ வந்துட்டுப் போனதுல இருந்து வூடு வெறிச்சுன்னு கிடக்குது. உங்க மாமா களத்துல நின்னு வேலை செய்யற அளவுக்குத் தேறிட்டார். தம்பியை மேல வரச் சொல்லு, இங்க வந்து நாலு நாள் சும்மா உட்காரட்டும்.

எனக்கு ஆர்டர் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பிள்ளைங்க இன்னும் ஆயான்னுதான் கூப்பிடுது. நான் திருத்தலை. அப்பா இப்போ ரேசன் கடையில புதுசா ஒண்ணு சொல்றாராம்: "எங்க சின்னவ போர்டு துடைச்சுத்தான் எங்க பெரியவளை டீச்சர் ஆக்கினா." நீ வந்து சொன்ன அன்னிக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனவர், மறுநாளே இப்படி ஆரம்பிச்சுட்டார்.

நேத்து சாமை அளந்தோம். மொத வள்ளம் சாமிக்கு எடுத்து வச்சாச்சு. உங்க மாமா அடுத்ததை அளக்கப் போனார். இருங்கன்னு சொல்லி இன்னொரு வள்ளத்தையும் தனியா எடுத்து வச்சேன். இது எந்தச் சாமிக்குன்னு கேட்டார். பாலக்கோட்டுக்குன்னு சொன்னேன். மாதேஷ் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டிருக்கேன், வாங்கிக்கோ.

இனிமே வருசா வருசம் எங்க வூட்டுக் கணக்கு f(x) = 2(x − 2). பரீட்சைக்கு இது தப்பா இருந்தாலும் இருக்கட்டும். மூணாவது படியும் எழுதிட்டேன்: மழை எவ்வளவு பொய்ச்சாலும் x ரெண்டுக்குக் கீழ போகக் கூடாது.

உன் அக்கா
கலைமதி